மல்லும் கயிறும் கரணமும்: உடற்பயிற்சி வகைகளும் சமநிலையும் கருத்தூன்றலும்

கடலூர் மாவட்டத்துக் கீரப்பாளையத்தைச் சூழ்ந்த ஊர்களில் நடவுக் காலத்தில் யாம் பன்முறை கண்ட காட்சி ஒன்று இவ்வாராய்ச்சிக்கு வாயிலாயிற்று. நாற்று முடிகளைத் தலைமேற் சுமந்து ஈர வரப்பில் நடக்கும் உழவர், பின்னே வருவாரோடு உரையாடிக்கொண்டே செல்வர். வரப்பு உடைந்த இடமோ மடைவாயோ எதிர்ப்படுங்கால் அவர்தம் பேச்சு நிற்கும், நடை நில்லாது. அவ்விடத்தைக் கடந்தபின், விட்ட சொல்லிலிருந்து பேச்சு மீண்டும் தொடரும். உடலை வீழாமற் காக்கும் ஆற்றலும், ஒன்றன்மேற் கருத்தை நிறுத்தும் ஆற்றலும் தம்முள் தொடர்புடையன என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

முன்னதைச் சமநிலை என்றும் பின்னதைக் கருத்தூன்றல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். உடற்பயிற்சிகள் யாவும் இவ்விரண்டையும் ஒருபடித்தாகவே வளர்க்குமோ, அன்றி வகைக்கேற்ப வேறுபடுமோ என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. இது மருத்துவர்க்கும் உடற்கல்வி ஆசிரியர்க்கும் உரியது போலத் தோன்றினும், தமிழிலக்கியம் பயில்வார்க்கும் புறம்பானதன்று. மற்போர், கயிற்று நடை, கூத்து ஆகியவற்றைப் பற்றிச் சங்க நூல்களும் சிலப்பதிகாரமும் கூறுவனவும், தில்லைக் கோபுரங்களின் கரணச் சிற்பங்களும் இவ்வினாவிற்கு விடை தேடற்குரிய கருவிகளாகும்.

இத்துறையில் இருவேறு பிழைகள் உலவுகின்றன. பயிற்சி எதுவாயினும் பயன் ஒன்றே எனக் கொள்வது ஒன்று. இக்கால உடலியல் கண்டனவெல்லாம் நம் முன்னோர் என்றோ அறிந்தனவே எனப் பெருமிதங் கொள்வது மற்றொன்று. இரண்டும் நூல்களை ஊன்றிப் படியாமையால் நேர்வன. பழைய நூல்கள் இப்பொருள் பற்றிக் கோட்பாடு வகுக்கவில்லை. ஆயின், ஒவ்வொரு பயிற்சியும் உடலினிடத்தும் கருத்தினிடத்தும் எதனை வேண்டி நிற்கின்றது என்பதைக் கூர்மையாகப் பதிவு செய்துள்ளன. இதுவே யாம் நிறுவ முயல்வது.

1. மல்

மற்பயிற்சியைப் பற்றிய சங்கச் சான்றுகளுள் தலையாயவை, போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள். முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனை அவன் வென்றதை 80ஆம் பாடல் பாடுகின்றது. மற்போரைப் புகழ்வார் பொதுவாகத் தோள்வலியையே புகழ்வர். சாத்தந்தையாரோ கால்களின் நிலையைத் தனித்தனியே காட்டுகின்றார். ஒரு கால் மல்லனின் மார்பின்மேல் மண்டியிட்டு அழுந்துகின்றது. மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியை விலக்கி அவன் முதுகுப்புறம் வளைகின்றது. உடல் ஒன்றே, வினை இரண்டு. ஒரு கால் அழுத்த, ஒரு கால் காக்கின்றது.

உடலியல் நோக்கில் இக்காட்சி பொருள் பொதிந்தது. தசை தொழிற்படும் முறை மூவகைப்படும்: நீளம் மாறாது இறுகி நிற்றல் ஒன்று, சுருங்கி இழுத்தல் ஒன்று, நீண்டுகொடுத்தவாறே சுமையைத் தாங்குதல் ஒன்று. மார்பில் அழுந்திய காலின் தசைகள் பெரும்பாலும் முதல் வகையாற் பணிபுரியும். எதிரியின் முயற்சிக்கு ஏற்ப மாறும் மற்றைக் கால் ஏனை இரண்டையும் மாறிமாறிக் கொள்ளும். இவ்வேறுபாட்டைப் புலவர் அறிந்து கூறினார் என்பது எம் கருத்தன்று. கண்டதைக் கண்டவாறே கூறினார். கண்டது நுட்பமாதலின் கூற்றும் நுட்பமாயிற்று.

82ஆம் பாடல் இன்னும் கருதத்தக்கது. அரசன் மற்போரின் விரைவுக்கு ஓர் உழைப்பாளியின் கை உவமையாகின்றது. ஊரில் விழா தொடங்கிவிட்டது, மனைவி மகப்பேற்று நிலையில் இருக்கின்றாள், மழை பொழிகின்றது, ஞாயிறும் மறையும் பொழுது. அந்நிலையில் கட்டிலை வாரால் பின்னும் ஒருவன் கையூசி எவ்வளவு விரையுமோ அவ்வளவு விரைந்தது போர் என்கின்றார் புலவர். உவமையின் பொதுத்தன்மை விரைவே. அதனிற் பிறிதொன்றைப் புகுத்தல் உரைமரபிற்கு ஒவ்வாது. எனினும், விரைவைக் காட்ட எத்துணையோ பொருள்கள் இருப்பவும், கருத்தைப் பல திசையும் இழுக்கும் சூழலிற் பிழையாது ஓடும் கையைத் தேர்ந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. மல் என்பது வெறும் வலிமை, அறிவிற்கு அதில் இடமில்லை என்னும் பிற்கால எண்ணத்திற்கு இவ்விரு பாடல்களும் இடந்தரவில்லை. பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் (கி. பி. 630–668) மாமல்லன் என்னும் பெயரைப் பெருமையாகக் கொண்டமையும் மற்கலைக்கு இருந்த மதிப்பைக் காட்டும்.

2. கயிறும் மரக்காலும்

மல்லிற் சமநிலை என்பது எதிரியைப் பொறுத்தது. எதிரியே இன்றி, நிலத்தின் ஈர்ப்பொன்றையே எதிர்த்து நிற்கும் கலை கயிற்று நடை. கோட்டம்பலவனார் பாடிய நற்றிணை 95ஆம் பாடலில் கழைக்கூத்தின் ஓசைக்கு நடுவே ஆடுமகள் ஒருத்தி நடந்த முறுக்குண்ட வலிய கயிறு காட்டப்படுகின்றது. அவள் நடந்த அதே கயிற்றில் மந்தியின் குட்டி ஒன்று தொங்கி ஆட, குறவர் சிறார் மூங்கில் சூழ்ந்த பாறைமேல் ஏறித் தாளங் கொட்டுகின்றனர். பெண் நடந்ததும் குரங்குக் குட்டி தொங்குவதும் ஒரே கயிறு. ஆயின் ஒன்று பயின்று பெற்றது, மற்றொன்று பிறப்பொடு வந்தது. இவ்வேறுபாட்டைப் புலவர் சொல்லாமலே உணர வைக்கின்றார். பெரும்பதுமனாரின் குறுந்தொகை 7ஆம் பாடலும் ஆரியர் கயிற்றாட்டத்தின் பறையை வாகை நெற்றின் ஒலிக்கு உவமையாக்குகின்றது. கேட்போர்க்குப் பழகிய பொருளே உவமையாதல் மரபாகலின், இக்கலை அந்நாளில் மக்கள் நன்கறிந்ததொன்றாயிருந்தமை பெறப்படும்.

கயிற்றின்மேல் நடப்போர் கையிற் கொள்ளும் நீண்ட கழியின் பயன் இக்காலத்தார் நன்கு விளக்கியுள்ளதொன்று. நீண்ட கழி உடல் சாயும் விரைவைக் குறைக்கும். சாய்வை உணர்ந்து திருத்திக்கொள்ளக் காலம் தரும். ஆகவே கயிற்று நடையில் வேண்டுவது பெருவலிமையன்று. சிறு சாய்வையும் உடனே உணர்ந்து அளவாகத் திருத்தும் தேர்ச்சியே. ‘கரணம் தப்பினால் மரணம்’ என்னும் பழமொழி இக்கலையின் இடரை நன்கு காட்டுவது.

சிலப்பதிகாரக் கடலாடு காதை கூறும் பதினோராடல் இவ்வகையில் ஒரு களஞ்சியம் எனல் சாலும். வாணனை எதிர்த்து மாயவன் ஆடியது மல். வாணன் நகர வீதியில் அவன் ஆடியது குடம். அவுணரின் கொடுஞ்செயல் பொறாது மாயவள் மரத்தாலாகிய கால்களின்மேல் நின்று ஆடியது மரக்கால். சூரனை வென்ற முருகன் கடல் நடுவே அலையை அரங்காகக் கொண்டு ஆடியது துடி. இவற்றுள் ஒன்றிற் பகைவனும், ஒன்றிற் குடமும், ஒன்றிற் கட்டைக் காலும், ஒன்றில் அசையும் தளமும் ஆடுவோன் சமநிலைக்கு இடையூறாகி நிற்றல் காண்க.

இப்பதினொன்றையும் நின்றாடல் ஆறு, வீழ்ந்தாடல் ஐந்து எனப் பகுக்கும் மரபை அடியார்க்குநல்லார் உரை நமக்குக் காத்துத் தந்துள்ளது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892இல் அவ்வுரையுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்ததனால் இவ்வரிய செய்தி வெளிவந்தது. அல்லியம், கொடுகொட்டி, குடை, குடம், பாண்டரங்கம், மல் என்பன நின்றாடல். துடி, கடையம், பேடு, மரக்கால், பாவை என்பன வீழ்ந்தாடல். ஆடல்களை ஆடுவோர், பாடுபொருள், அணி என்பவற்றால் பகுத்தல் எளிது. அவற்றைவிட்டு நிற்றல், வீழ்தல் எனப் பகுத்தமை, நிலத்தோடு உடலுக்குள்ள உறவை ஒரு பகுப்பு முறையாகவே தமிழ்க் கூத்து நூலார் கொண்டிருந்தனர் என்பதற்குத் தக்க சான்றாகும்.

3. கரணம்

கீரப்பாளையத்தை அடுத்த சிதம்பரம் இனி எம் ஆய்விடம். தில்லைக் கோயிலின் நான்கு கோபுரங்களின் வாயில்களிலும் உட்புறச் சுவர்களில் ஆடல் மகளிர் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைக்கப்பட்டுள்ளன. இவை பரதரின் நாட்டிய சாத்திரம் நான்காம் அதிகாரத்திற் கூறும் 108 கரணங்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்நூற் சுலோகங்களும் கிரந்த எழுத்தில் உடன் பொறிக்கப்பட்டுள்ளமையால், உருவமும் இலக்கணமும் ஒருங்கே காணும் வாய்ப்பு ஈண்டு உளது. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில் இறைவன் ஆடுவதாக 81 கரணங்களே செதுக்கப்பட்டன; எஞ்சிய கற்கள் வெறுமையாக நிற்கின்றன. விருத்தாசலம், திருவண்ணாமலைக் கோயில்களிலும் குடந்தைச் சாரங்கபாணி கோயிலிலும் கரணச் சிற்பங்கள் உள.

1926இல் பரோடாவில் இராமகிருஷ்ண கவி நாட்டிய சாத்திரத்தின் முதற் பகுதியைப் பதிப்பித்தபோது தில்லைச் சிற்பங்களின் வடிவங்களை உடன் சேர்த்தார். 1936இல் பி. வி. நாராயணசாமி நாயுடுவும் பிறர் இருவரும் சேர்ந்து ‘தாண்டவ லட்சணம்’ என்னும் நூலை வெளியிட்டனர். தில்லைச் சிற்பங்கள் அதனாலும் அறிஞருலகிற் பரவின. இவை பெரும்பணிகள். ஆயினும் படங்கள் பரவியதோடு ஒரு மயக்கமும் பரவிற்று. கரணம் என்பது ஒரு நிற்கும் நிலை என்றும், சிற்பத்தைப் போல அசையாது நிற்பதே அதனைச் செய்து காட்டுவதாம் என்றும் பலர் கருதலாயினர். கரணத்தை யோக ஆசனமாகவே கொண்டு எழுதினாரும் உளர்.

நூல் இதற்கு இடந்தரவில்லை. நிற்கும் நிலைக்கு அந்நூலில் ‘ஸ்தானம்’ என வேறு பெயர் உண்டு. காலின் இயக்கம் ‘சாரி’; நாட்டியக் கையசைவு ‘நிருத்த ஹஸ்தம்’. இவை இயைந்து, கையும் காலும் ஒருங்கே இயங்குவதே கரணம். கரணம் இரண்டு சேர்ந்தது மாத்திருகை, பல தொடர்ந்தது அங்ககாரம், அங்ககாரங்கள் 32. தொடர்தற்குரியது நிலையாதல் எவ்வாறு? சிற்பி காட்டியது இயக்கத்தின் ஒரு கணமேயன்றி இயக்கம் முழுமையுமன்று. பத்மா சுப்ரமணியம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு இக்கரணங்களையே ஆய்பொருளாகக் கொண்டு, அவற்றை இயக்கங்களாக மீட்டுக் காட்டியமை இத்துறையில் ஒரு திருப்பமாகும்.

இவ்வேறுபாடு சொல்லளவினதன்று. லலாட திலகம் என்னும் கரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கால் தேளின் வால் போலப் பின்னெழுந்து வளைய, அதன் பெருவிரல் நெற்றியில் திலகமிடுவது போல அமையும். இதனை நிலையாகக் கொண்டால் வேண்டுவன முதுகின் நெகிழ்வும், ஊன்றிய காலின் தசைகள் இறுகி நிற்கும் வலிமையுமே. இயக்கமாகக் கொண்டாலோ, அந்நிலையை அடைதலும், அடைந்தபின் மீளுதலும், அடுத்ததனுள் நுழைதலும், அவையனைத்தையும் தாளத்திற்குள் அடக்குதலும் வேண்டப்படும். உடலின் எடை ஒரு காலினின்று மறு காலுக்கு மாறும் இடைப்பொழுதே வீழ்ச்சிக்கு வாயில். பயிற்சியின் பெரும்பயனும் அவ்விடைப்பொழுதிலேயே உளது. கரணத்தை நிலையெனப் படிப்பார் இவ்விடைப்பொழுதை நூலினின்றே நீக்கிவிடுகின்றனர். ஐந்தாண்டிற் பயிலத் தொடங்கிய மாதவி ஏழாண்டு பயின்று பன்னீராண்டில் அரங்கேறினாள் எனச் சிலப்பதிகாரம் கூறும் கால அளவும், இப்பயிற்சியின் அருமைக்கு ஏற்றதேயாம்.

கரணம் என்னும் சொல் குட்டிக்கரணம் முதலியவற்றில் உடற் புரட்டையும், சைவ சித்தாந்தத்தில் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் உட்கருவிகளையும் குறித்தல் கண்டு, உடலும் உள்ளமும் ஒன்றெனத் தமிழர் கொண்டனர் என முடிவு கூறுவாரும் உளர். தொல்காப்பியத்தில் அச்சொல் மணச்சடங்கைக் குறிக்கின்றது. சொல்லொற்றுமை ஒன்றே பொருளொற்றுமைக்குச் சான்றாகாது என்பதை மறத்தல் கூடாது.

4. அவதானம்

உடற்பயிற்சி ஒன்றே கருத்தூன்றலை வளர்க்கும் எனவும் கொள்ளற்க. தமிழ்நாட்டு அவதான மரபு இதற்கு மறுதலை. அவதானி ஓரிடத்தே அமர்ந்தவாறே ஈற்றடிக்கு வெண்பாப் பாடுவார், வினாக்களுக்கு விடையிறுப்பார், முதுகில் விழும் கற்களையும் உடன் எண்ணிவருவார். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்திற் சதாவதானம் நிகழ்த்திப் புகழெய்தினார். இங்கே கருத்து நூறாகப் பகுக்கப்படுகின்றது; தசைகளுக்குப் பெருவேலையில்லை. ஆடுமகளோ கண்ணும் கையும் காலும் தாளமுமாகக் கருத்தைப் பகுப்பதோடு, வீழாமலும் நிற்றல் வேண்டும். இருவர் பயிற்சியும் பகுத்தலே எனினும், பகுக்கப்படுவன வேறு.

5. இன்றைய உடலியலோடு ஒப்புநோக்கல்

சமநிலை மூன்று வாயில்களால் காக்கப்படுகின்றது: கண், உட்செவி, தசையும் மூட்டும் தரும் உணர்வு. மூன்றாவதான உட்புலனுக்கு ஆங்கிலேய அறிஞர் சார்லசு ஷெரிங்டன் 1906இல் தனிப்பெயரிட்டு விளக்கினார். இம்மூன்று செய்திகளையும் மூளை ஒருங்கு சேர்க்குங்கால் கருத்தின் ஒரு பங்கு செலவாகின்றது. 1997இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 58 பேரை நடக்கச் செய்து இடையே பேச்சுக் கொடுத்தனர். பேசும்பொருட்டு நடையை நிறுத்தினோர் 12 பேர். அவருள் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துள் வீழ்ந்தனர். கீரப்பாளையத்து உழவர் இடரான இடத்திற் பேச்சை விட்டு நடையைக் காத்தனர். இம்முதியோர் சமதரையிலேயே நடையை விட்டுப் பேச்சைக் காத்தனர். முன்னவர்க்குக் கருத்தில் மிச்சம் உண்டு. பின்னவர்க்கு அது குறைந்துவிட்டது.

பயிற்சி வகைகளைப் பற்றிய சான்றுகளுள் இரண்டு எம் வினாவிற்கு நேரே பொருந்துவன. 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில், 65 முதல் 75 வரை அகவையுடைய 155 பெண்டிரை ஆய்வாளர் மூன்று குழுவாக்கி ஓராண்டு பயிற்றினர். எடைதூக்கும் வலிமைப் பயிற்சியை வாரம் ஒருமுறை செய்தாரும் இருமுறை செய்தாரும், இடையூறுகளுக்கு நடுவே ஒன்றனைத் தேர்ந்து கருத்தூன்றும் தேர்விற் பத்து விழுக்காட்டிற்கு மேல் முன்னேறினர். நீட்டிப் பயிலலும் எளிய சமநிலைப் பயிற்சியும் செய்த குழுவிடம் அம்முன்னேற்றம் இல்லை. 2019இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 25 நாடுகளில் 23,407 முதியோரிடம் செய்த 108 ஆய்வுகளைத் திரட்டியது. உடற்பயிற்சி வீழ்ச்சி வீதத்தை 23 விழுக்காடு குறைக்கின்றது எனவும், சமநிலையும் அன்றாட இயக்கமும் சார்ந்த பயிற்சிக்கு அப்பயன் உறுதி எனவும் அது கண்டது. வலிமைப் பயிற்சி மட்டுமோ, ஆடல் மட்டுமோ, நடை மட்டுமோ வீழ்ச்சியைக் குறைக்கும் என்பதற்குப் போதிய சான்று அதிற் கிட்டவில்லை.

108 ஆய்வுகள், 108 கரணங்கள் என்னும் எண்ணொற்றுமை தற்செயலே. அதில் மறைபொருள் தேடல் வேண்டா. கொள்ளத்தக்கது இது: கருத்தூன்றலுக்கு வலிமைப் பயிற்சி உதவியது, வீழாமைக்குச் சமநிலைப் பயிற்சி உதவியது, ஒன்று மற்றொன்றன் வேலையைத் தானே செய்துவிடவில்லை. மல்லன் அறிவிலி என்னும் எண்ணத்தை முன்னைய முடிவு அசைக்கின்றது; ஆடல் எல்லாவற்றையும் தரும் என்னும் எண்ணத்தைப் பின்னைய முடிவு தடுக்கின்றது. எனினும் எடைதூக்கல் மற்போர் ஆகாது. வான்கூவர் முதியோர் செய்த எளிய பயிற்சி, மாதவி ஏழாண்டு பயின்ற கூத்தும் ஆகாது. ஆதலின் ஒப்புமையை இவ்வெல்லையோடு நிறுத்தல் கடன்.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. முதலாவது, மல், கயிறு, மரக்கால், குடம், கரணம் என்பவற்றை நம் நூல்கள் ஒரே பயிற்சியாகக் கருதவில்லை. ஒவ்வொன்றும் உடலுக்கு ஒவ்வோர் இடையூற்றைத் தந்து பழக்குவதாகவே காட்டுகின்றன. நின்றாடல், வீழ்ந்தாடல் என்னும் பகுப்பு இதன் இலக்கணச் சான்று. இரண்டாவது, இந்நூல்களில் உள்ளது கூர்ந்த காட்சியே; உடலியற் கோட்பாடன்று. கோட்பாட்டை அவற்றின்மேல் ஏற்றுவது அவற்றிற்குப் பெருமையாகாது. மூன்றாவது, தில்லைக் கரணங்களை அசையா நிலைகளாகப் படிப்பது நூலுக்கும் மாறு, பயிற்சிக்கும் கேடு.

இம்மூன்றாவது முடிபு ஏட்டளவில் நிற்பதன்று. சிற்பத்தைக் கண்டு அதே வளைவை எய்தி அசையாது நிற்க முயலும் இளைஞர், முதுகையும் மூட்டையும் வருத்திக்கொள்வதன்றி எடைமாற்றத்தின் தேர்ச்சியைப் பெறார். முதியோர்க்கோ லலாட திலகம் வேண்டுவதில்லை. பற்றுக்கோடு ஒன்றன் அருகே ஒரு காலில் நிற்றல், இருக்கையினின்று கையூன்றாது எழுந்தமர்தல், குதியும் விரலும் அடுத்தடுத்து வர ஒரே கோட்டில் நடத்தல் என்பனவே இன்று அவர்க்குச் சொல்லப்படும் பயிற்சிகள். இவற்றுள் இறுதியதனை வரப்பு நடை எனத் தமிழிற் பெயரிட்டு வழங்கினால், உழவர் குடிப்பிறந்த எவர்க்கும் விளக்கம் வேண்டாது.

முதுகலை மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை முதலிய சொற்கள் கோதாக்களிலும், வீடு கட்டுதல் முதலியன சிலம்பக் கூடங்களிலும், இன்னும் பல கழைக்கூத்தர் வாயிலும் வழங்குகின்றன. ஒவ்வொரு சொல்லும் எக்காலில் எடை, எத்திசையில் நோக்கு, எப்பொழுது மாற்றம் என்பதைத் தன்னுள் அடக்கியது. அவற்றைத் தொகுப்போர் சொல்லையும் பொருளையும் மட்டும் குறித்து அமையாது, பயில்வோர் அருகிருந்து அவ்வியக்கத்தையும் அடி அடியாகக் குறித்துக்கொள்வாராக. பழைய உரையாசிரியர் காத்துத் தந்த இரண்டு சொற்களாலன்றோ நின்றாடலும் வீழ்ந்தாடலும் இன்று நம் ஆராய்ச்சிக்குக் கிடைத்தன.